சோலார் தகட்டுக்கு முன்னால்: வீட்டைப் பசுமையாக்குவதில் எது முதலில், எது பிறகு?

16 ஏப்ரல் 2024 – வாசகர் கேள்வி

சென்னை குரோம்பேட்டையில் எங்களுக்கு 1,000 சதுர அடியில் தனி வீடு இருக்கிறது. ஒற்றைத் தளம், மேலே மொட்டை மாடி. மத்திய அரசின் புதிய திட்டத்தில் மூன்று கிலோவாட் சோலார் போட்டால் 78,000 ரூபாய் மானியம் கிடைக்கும் என்றும், மொத்தச் செலவு இரண்டு லட்சம் என்றும், நான்கு ஆண்டுகளுக்குள் போட்ட முதல் திரும்பிவிடும் என்றும் ஒரு விற்பனையாளர் சொல்கிறார். எங்கள் வீட்டில் ஏசி இல்லை. இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் அளவில் ஓடும். இதெல்லாம் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்பது என் தம்பியின் கட்சி. வீட்டைப் பசுமையாக்குவதால் எங்களைப் போன்றவர்களுக்கு உண்மையில் நன்மை உண்டா, அல்லது மனத்திருப்தி மட்டும்தானா?

17 ஏப்ரல் 2024

விற்பனையாளர் பொய் சொல்லவில்லை. வேறொரு வீட்டின் கணக்கை உங்கள் வீட்டுக்குச் சொல்லியிருக்கிறார். தமிழ்நாட்டின் 2024 ஏப்ரல் கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு வீதமும், 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு வீதமும் கட்டுகிறோம். அந்த வகையில் 380 யூனிட்டுக்கு நீங்கள் கட்டும் தொகை 1,035 ரூபாய், ஆண்டுக்கு 6,210 ரூபாய். தகடு போட்டு அதை முழுவதுமாகத் துடைத்துவிட்டாலும் உங்களுக்கு மிஞ்சக்கூடியது அந்த 6,210 ரூபாய்தான். மானியம் போகக் கையிலிருந்து போகும் 1,22,000 ரூபாயை அதனால் வகுத்தால் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வருகின்றன. அதற்குள் இன்வெர்ட்டரை ஒருமுறையாவது மாற்ற நேரும்.

இதே தகட்டை இரண்டு மாதத்தில் 1,000 யூனிட் ஓட்டும் வீட்டில் ஏற்றிப் பாருங்கள். 500 யூனிட்டைத் தாண்டியதும் 2 ரூபாய் 25 காசு என்ற அடுக்கே காணாமல் போய், 101-லிருந்து 4 ரூபாய் 50 காசில் தொடங்கி, 8, 9, 10 ரூபாய் என்று ஏறிக்கொண்டு போவதால், அந்த வீட்டுக்காரர் கட்டுவது 6,550 ரூபாய். கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் என்று வைத்துக்கொண்டால், மூன்று கிலோவாட் தகடு இரண்டு மாதத்தில் 720 யூனிட் தரும். மீதமுள்ள 280 யூனிட்டுக்கு அவர் கட்ட வேண்டியது வெறும் 585 ரூபாய். ஆண்டுக்கு 35,000 ரூபாய்க்கு மேல் மிச்சம், மூன்றரை ஆண்டில் முதல் கைக்கு வந்துவிடும். மற்றச் சில்லறைக் கட்டணங்களை நான் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் இரு வீடுகளுக்கும் இடையிலுள்ள தூரம் குறையப் போவதில்லை.

தகட்டைப் பொறுத்தவரை உங்கள் தம்பியின் பக்கமே நான் நிற்கிறேன். ஆனால் பசுமை வீட்டுக்கான பட்டியலில் தகடு கடைசி வரிக்கு அருகில் வர வேண்டியது. விற்பதற்கு ஆள் இருப்பதால் அது முதல் வரிக்கு வந்துவிட்டது. மாடிக்குச் சுண்ணாம்பு அடியுங்கள் என்று தொலைபேசியில் அழைத்துச் சொல்ல யாரும் இல்லை.

19 ஏப்ரல் 2024

வாக்களித்துவிட்டு வந்து எழுதுகிறேன். வரிசையில் நின்றபோது சிமென்ட் தரை உள்ளங்காலைச் சுட்டதில் அடுத்த குறிப்புக்கான பொருள் கிடைத்தது: கூரை.

3 மே 2024

மாநிலத்தின் உச்ச மின்தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது என்ற செய்தியை எல்லாரும் படித்திருப்பீர்கள். பகல் நேரத் தேவையில் ஒரு பங்கைச் சூரிய மின்சாரம் தாங்கிக்கொள்கிறது. இரவு பத்து மணிக்கு அது கிடையாது. அந்த நேரத்தில்தான் நகரத்துப் படுக்கையறைகளில் ஏசி ஓடத் தொடங்குகிறது. ஏன் இரவில் இவ்வளவு தேவைப்படுகிறது என்றால், நாம் கட்டி வைத்திருக்கும் கான்கிரீட் கூரை பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, அடுப்பை அணைத்த பிறகும் ஆறாத தோசைக்கல்லைப் போல நள்ளிரவு வரை அறைக்குள் சூட்டை இறக்கிக்கொண்டிருக்கிறது. சித்திரை வெயிலில் பூசாத கான்கிரீட் தளம் 55 பாகை செல்சியசைத் தாண்டுவது சாதாரணம். வெள்ளைப் பூச்சு அடித்த தளம் அதைவிடப் பத்துப் பாகைக்கு மேல் குறைவாக இருக்கும். அதன் பலன் அறைக்குள் இரண்டு முதல் நான்கு பாகை வரை தெரியும்.

எங்கள் ஆதம்பாக்கம் வீடு எண்பதுகளில் கட்டியது. தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, மேலே தட்டோடு பதித்திருந்தார்கள். பிற்காலத்தில் ஒழுகலை அடைக்க ஒருவர் வந்து கருநிறப் பூச்சு ஒன்றைப் பூசிவிட்டுப் போனார். ஒழுகல் நின்றது, ஆனால் அதற்குப் பிறகு வந்த கோடைகளில் மேல் அறையில் யாரும் படுக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து அதைச் சுரண்டி எடுத்து வெள்ளைப் பூச்சு அடித்தோம். வெப்பமானி வைத்து நான் அளக்கவில்லை. அம்மா மறுபடியும் அந்த அறையில் மத்தியானம் தூங்கத் தொடங்கினார் என்பது எனக்குப் போதுமான சான்று.

வெள்ளைப் பூச்சு அழுக்கேறினால் பாதிப் பலன் போய்விடும் என்பதையும் சொல்ல வேண்டும். தைப் பொங்கலுக்குப் பிறகு மாடியைத் தேய்த்துக் கழுவி, இரண்டு மூன்று கோடைக்கு ஒருமுறை மறுபூச்சு அடிப்பது வழக்கமாக வேண்டும். வெள்ளை ஓடு பதித்தால் அந்த வேலை குறையும், செலவு கூடும். தெலங்கானா அரசு 2023-இல் இதற்கென்றே ஒரு குளிர்கூரைக் கொள்கையை வெளியிட்டது. செலவு குறைந்த இந்த வேலைக்கு ஓர் அரசு தனிக் கொள்கை வகுப்பதை நான் வியப்போடுதான் பார்த்தேன்.

4 மே 2024

கூரைக்கு அடுத்தது மின்விசிறி. பழைய விசிறி ஏறக்குறைய 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி என்ற மின்சிக்கன மோட்டார் வைத்த விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் ஒரு விசிறிக்கு ஆண்டுக்கு 164 யூனிட் மிச்சம். குரோம்பேட்டை நண்பர் மூன்று விசிறிகளை மாற்றினால் இரண்டு மாதத்தில் 82 யூனிட் குறையும், ஆண்டுக்கு 2,200 ரூபாய் மிஞ்சும். விசிறிக்கு மூவாயிரம் என்றால் நான்கு ஆண்டுகளில் முதல் திரும்பும். விற்பனையாளர் சொன்ன அதே நான்கு ஆண்டுகள். ஆனால் இறங்கும் பணம் ஒன்பதாயிரம். இதற்கு மானியமும் இல்லை, மாடியில் வைத்துக் காட்டிப் பெருமைப்படவும் வழியில்லை.

5 மே 2024

கோயம்புத்தூர் நண்பர் ஏசியை 24 பாகையில் வைப்பதைப் பற்றி நான் ஏன் எழுதவில்லை என்று கேட்கிறார். 2020 ஜனவரி முதல் விற்பனைக்கு வரும் ஏசிகள் தொடங்கும்போதே 24 பாகையில் நிற்க வேண்டும் என்று விதியிருக்கிறது; ஒவ்வொரு பாகை உயர்த்துவதற்கும் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் மதிப்பீடு. அந்த விதி பொத்தானைக் கட்டுப்படுத்தும், வீட்டுக்கு வரும் மாப்பிள்ளையைக் கட்டுப்படுத்தாது.

22 மே 2024

மின்சாரத்தைப் பற்றி எழுதிய நான்கு குறிப்புகளையும் திரும்பப் படித்தபோது எனக்கே ஒரு குறை தெரிந்தது. எல்லாவற்றையும் கட்டண ரசீதை வைத்தே எடை போட்டிருக்கிறேன். கணக்கு எழுதிப் பிழைக்கிறவனுக்கு அது பழக்க தோஷம். ரசீதில் வராத நன்மையைப் பற்றிப் பேசாவிட்டால் இந்த விவாதம் பாதியில் நின்றுவிடும். அந்த நன்மை தண்ணீரில் இருக்கிறது.

2019 ஜூன் மாதத்தை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றிப்போய், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. இதே சென்னையில்தான் சராசரியாக ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். 1,000 சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். சிதறல், ஆவியாதல் என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் ஆண்டுக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் அந்த மாடியில் விழுகிறது. நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்ற நகர அளவுகோலின்படி ஆண்டுக்கு இரண்டு லட்சம் லிட்டர் தேவைப்படுகிறது. அதாவது, குரோம்பேட்டை நண்பரின் ஆண்டுத் தேவையில் பாதி அவருடைய சொந்த மாடியிலிருந்து வடிந்து தெருச் சாக்கடைக்குப் போகிறது.

2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே, 2002-இல், மந்தைவெளியில் ‘மழை இல்லம்’ என்ற மழைநீர் சேகரிப்பு விளக்க மையத்தைத் திறந்து, யார் போய்க் கேட்டாலும் வழி சொல்லிக்கொடுத்து வந்தவர் சேகர் ராகவன். சட்டம் வந்த வேகத்தில் ஊரெங்கும் வேலை நடந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் நகரின் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்ததும் உண்மை. ஆனால் அதே வேகத்தில், மாடிக் குழாயை ஓர் அடி ஆழக் குழியில் செருகி, மேலே நான்கு கூடை ஜல்லியைக் கொட்டி, ஆய்வுக்கு வந்தவரிடம் காட்டிய வீடுகளும் ஏராளம். எங்கள் தெருவில் பல வீடுகளில் இன்றும் அந்த ஜல்லிக்குழி செம்பருத்திச் செடிக்குத் தொட்டியாகப் பணியாற்றுகிறது.

எந்த முறை பொருந்தும் என்பதை மண்தான் தீர்மானிக்கிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர மணற்பாங்கில் மூன்றடி அகலத்தில் உறை இறக்கினாலே தண்ணீர் சரசரவென்று உள்ளே போய்விடும். மேற்கு மாம்பலம், அண்ணா நகர்ப் பக்கத்துக் களிமண்ணில் அந்தக் களியைத் தாண்டி ஆழமாகப் போக வேண்டும். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் அடியில் பாறை. எங்கள் வீட்டில் பழைய திறந்த கிணறு ஒன்று இருந்ததால், மாடித் தண்ணீரை ஒரு வடிகட்டித் தொட்டி வழியாக நேரே அதில் இறக்கிவிட்டோம். தொட்டியில் பெருஞ்சல்லி, சிறுசல்லி, மணல், அவ்வளவுதான். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விடுவதற்கு ஒரு தனி வால்வு வேண்டும். பாறைப் பகுதியில் இருந்துகொண்டு பாழுங்கிணற்றை மண் போட்டு மூடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வாய் சும்மா இருப்பதில்லை.

பலன் என்ன? எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு கோடை முடிவில் லிட்டருக்கு 1,100 மில்லிகிராமைச் சுற்றி நின்றது. நல்ல மழை பெய்த ஆண்டின் தை மாதத்தில் 700-க்குக் கீழே வருகிறது. குழாய்களில் வெள்ளைப் படலம் கட்டுவது குறைந்தது. இதை மின்கட்டண ரசீதைப் போல எடுத்து நீட்ட முடியாது. அதோடு, நாங்கள் இறக்கும் தண்ணீர் எங்கள் கிணற்றிலேயே நிற்பதுமில்லை. அண்டை வீட்டுக்காரரின் ஆழ்துளைக் கிணற்றுக்கும் அது போகிறது. மழைநீர்ச் சேமிப்புக்குச் செலவிட்டவர் ஒருவர், பலன் பெறுபவர் நால்வர். இதனால்தான் ஒவ்வொருவரும் அடுத்தவர் செய்யட்டும் என்று காத்திருக்கிறோம் என்பது என் எண்ணம்.

23 மே 2024

இரவு தூக்கம் வராமல் போட்ட ஒரு கணக்கு. கடல்நீரைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். நெம்மேலியில் 2024 பிப்ரவரியில் திறந்த இரண்டாவது ஆலை நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் தரக்கூடியது. நம் மாடியில் விழும் ஒரு லட்சம் லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு அதே அளவைக் கடலிலிருந்து எடுத்தால் 300 முதல் 400 யூனிட் செலவாகும். இது இரண்டு விசிறிகளை மாற்றுவதால் வரும் ஆண்டு மிச்சத்துக்குச் சமம். தண்ணீரைப் பற்றிய குறிப்பில் நான் மின்சாரத்தை விட்டு விலகிவிட்டதாக நினைத்தேன், விலகவில்லை போலிருக்கிறது.

11 ஜூன் 2024

வாடகை வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது என்று திருச்சி அம்மையார் ஒருவர் கேட்டிருக்கிறார். மாடியும் கிணறும் வீட்டுக்காரருக்கு, நமக்கு என்ன இருக்கிறது என்பது அவர் வருத்தம். கழற்றி எடுத்துப் போகக்கூடியவை எல்லாம் உங்களுடையவை. விசிறியைக் கழற்றலாம், பழையதைப் பரணில் வைத்திருந்து, காலி செய்யும்போது திரும்ப மாட்டிவிட்டுப் போகலாம். குழாய் முனையில் திருகும் நீர்ச்சிக்கன மூடி ஒன்று நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நிமிடத்துக்குப் பத்து லிட்டருக்கு மேல் கொட்டும் குழாயை மூன்று, நான்கு லிட்டருக்கு அது இறக்கிவிடும். கழிப்பறைத் தொட்டி பழைய பத்து லிட்டர் வகையாக இருந்தால், தண்ணீர் நிரப்பி மூடிய ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றை உள்ளே நிறுத்தி வையுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் மிச்சம். ஆளுக்கு 135 லிட்டர் என்ற அளவில் 45 லிட்டர் கழிப்பறைக்கே போகிறது என்பதால் இது சில்லறைச் சேமிப்பாகாது.

ஆர்ஓ இயந்திரத்தையும் கவனியுங்கள். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு, மூன்று லிட்டரை வெளியே தள்ளும் இயந்திரங்கள் நம் வீடுகளில் இருக்கின்றன. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் அவற்றைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் சொன்னது. ஆற்றுத் தண்ணீர் வரும் ஊரில் அந்த இயந்திரம் எதற்கு என்று முதலில் தண்ணீரை அளந்து பாருங்கள். தேவைதான் என்றால், வெளியே வரும் தண்ணீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளலாம். செடிக்கு மட்டும் வேண்டாம், உப்பு மண்ணில் தங்கிவிடும்.

20 ஜூலை 2024

ஜூலை முதல் தேதியிலிருந்து மின்கட்டணம் 4.83 விழுக்காடு ஏறிவிட்டது. ஏப்ரல் 17 அன்று நான் போட்ட எண்கள் எல்லாமே கொஞ்சம் நகர்கின்றன. குரோம்பேட்டை நண்பரின் இருபது ஆண்டு பத்தொன்பதாகும். கட்டணம் ஏற ஏறத் தகட்டின் பக்கம் தராசு சாயும் என்பது உண்மை. ஆயினும் விசிறியின் கணக்கும் அதே அளவில் அதே பக்கம் சாய்கிறது என்பதால் வரிசையை மாற்ற நான் காரணம் காணவில்லை.

நாளுக்கு 4 யூனிட் என்பது ஆண்டுச் சராசரி என்று வேலூர் நண்பர் நினைவூட்டியது சரி. ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்தில் அது பாதிக்கும் கீழே போகும் நாட்கள் உண்டு. மாசி, பங்குனியில் 5-ஐத் தொடும்.

தகடு போட்டவர்களிடம் இன்னொன்றும் பார்த்தேன். மின்சாரம் இலவசம் என்ற நினைப்பு வந்ததும் வீட்டில் இரண்டாவது ஏசி வந்துவிடுகிறது. என் அத்தான் வீட்டில் நடந்தது இதுதான்: தகடு போடும் முன் வந்த அதே தொகை ஓராண்டு கழித்தும் வந்தது. விற்றவரைத் திட்டினார், மீட்டரைச் சந்தேகித்தார், வரவேற்பறையில் புதிதாக மாட்டியிருந்த ஏசியின் கீழ் உட்கார்ந்துகொண்டுதான் இவ்வளவையும் செய்தார்.

24 ஆகஸ்ட் 2024

எண்பதுகளின் பழைய வீட்டை இடித்துவிட்டு, பசுமைத் தரச்சான்று பெறும் வகையில் புதிதாகக் கட்டலாமா என்று ஒருவர் கேட்கிறார். தூண்களும் தளமும் உறுதியாக இருக்கும் வரை வேண்டாம் என்பது என் பதில், காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். 1,000 சதுர அடிக் கான்கிரீட் வீட்டுக்குக் கட்டுமானக்காரர்கள் வாய்ப்பாடாகச் சொல்வது 400 மூட்டைச் சிமென்ட், ஏறக்குறைய நாலு டன் கம்பி. 400 மூட்டை என்பது 20 டன். நம் நாட்டுச் சிமென்ட் ஒரு டன்னுக்கு 0.6 டன் அளவில் கரியமில வாயு வெளியாகிறது என்று கொண்டால் 12 டன். கம்பிக்கு டன்னுக்கு இரண்டு டன்னுக்கு மேல் என்பதால் மேலும் 8 டன் சேர்கிறது. செங்கல், ஓடு, லாரி எதையும் சேர்க்காமலே 20 டன். மூன்று கிலோவாட் தகடு ஆண்டுக்கு 4,300 யூனிட் தந்து, யூனிட்டுக்கு 0.7 கிலோ வீதம் தவிர்ப்பது மூன்று டன். புது வீட்டின் சிமென்ட்டையும் கம்பியையும் ஈடுகட்டவே அந்தத் தகடு ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் உழைக்க வேண்டும். பழைய வீட்டின் மாடியில் அதையே ஏற்றியிருந்தால் முதல் ஆண்டிலிருந்தே அந்த மூன்று டன்னும் மிச்சமாக நின்றிருக்கும். (தகட்டைத் தயாரிக்கச் செலவான ஆற்றலை நம் வெயிலில் அது ஒன்றரை ஆண்டுக்குள் திருப்பித் தந்துவிடும், அந்தக் குற்றச்சாட்டை அதன்மேல் சுமத்த வேண்டாம்.)

கட்டியே ஆக வேண்டியவர்களுக்கு வழி இருக்கிறது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையில், செங்கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவதால் கால் பங்குச் செங்கல் மிச்சமாகிறது. அந்த வெற்றிடமே வெயிலையும் தடுக்கிறது. ஆரோவில்லில் 1989 முதல் இயங்கும் மண் கட்டுமான நிறுவனம், சிறிதளவு சிமென்ட் கலந்து அழுத்திய மண் கற்களைச் சுடாமலே பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கிறது. இதற்குப் பழகிய கொத்தனார் கிடைப்பதுதான் அரிது. கிடைத்தால் அவர் சொல்லும் நாளுக்கு நீங்கள் காத்திருங்கள்.

15 செப்டம்பர் 2024

வீட்டுக் குப்பையைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை என்று கண்டித்திருக்கிறீர்கள். சென்னை நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பையை வெளியேற்றுகிறது. அதில் பாதிக்கு அருகில் சமையலறைக் கழிவு. கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் அது மூச்சு முட்டப் புதைந்து மீத்தேனாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு சூடேற்றும். 2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடிக் கிடங்கு பற்றி எரிந்தபோது புகை எங்கள் பக்கம் வரை வந்தது. அதே ஆண்டில்தான் அதை ஒட்டிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்தது.

சமையலறைக் கழிவை வீட்டிலேயே உரமாக்கும் செய்முறையில் நான் சொல்லக்கூடியது ஒன்றே: ஈரக் கழிவு ஒரு பங்கு போட்டால் காய்ந்த சருகு அல்லது தேங்காய் நார்த்தூள் அதே அளவு மேலே போட வேண்டும். நாற்றம், புழு, எறும்பு என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை சருகுப் பஞ்சத்தால் வருபவை. தொடக்கத்தில் புளித்த மோரைத் தெளித்தால் வேலை சீக்கிரம் பிடிக்கும். இரண்டு மாதத்தில் மண் வாசனை வந்துவிடும். எங்கள் தெருவில் வேப்பஞ்சருகுக்கு இப்போது போட்டி; முன்பு பெருக்கித் தீ வைத்தவர்கள் இன்று சாக்கில் கட்டி ஒளித்து வைக்கிறார்கள்.

தகட்டைப் பற்றி வீட்டுக்குள் எழுந்த ஓர் எதிர்ப்பையும் இங்கே பதிய வேண்டும். மாடி முழுவதும் தகடு வந்தால் வடகம் எங்கே காயும் என்று அம்மா கேட்டார். எட்டடி உயரத்தில் சட்டம் அமைத்து மேலே தகடு போடலாம், கீழே நடமாடலாம் என்றார்கள். செலவு கூடும், வடகத்துக்கு வெயிலும் கிடைக்காது. 2016 டிசம்பர் வர்தா புயலில் இந்த ஊர் கண்ட காற்றை நினைத்தால் உயரச் சட்டத்தின் அடித்தளப் போல்ட்டுகளைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும். தகட்டைத் தெற்கு ஓரத்தில் மட்டும் வைத்துக்கொள்வது என்று பேச்சு முடிந்திருக்கிறது. பக்கத்து மனையில் நாலு மாடிக் குடியிருப்பு எழும்பப் போவதாகச் செய்தி. அது தெற்கில்தான் இருக்கிறது. ஒரு தகட்டின் மூலையில் விழும் நிழல் அந்த வரிசை முழுவதன் உற்பத்தியையும் இழுத்துவிடும் என்பதால், அவர்களுடைய வரைபடத்தைப் பார்க்கும் வரை நான் அசைவதாக இல்லை.

18 அக்டோபர் 2024

செவ்வாய்க்கிழமை மழையில் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாக நின்ற கார்களைப் படமாகப் பார்த்திருப்பீர்கள். நகைப்பதற்கு இல்லை; 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள். மாடித் தண்ணீரைக் கிணற்றில் இறக்கும் வீடு தெருவெள்ளத்தைத் தடுத்துவிடும் என்று யாரும் உரிமை கொண்டாட வேண்டாம். தெரு முழுவதும் செய்தால் வடிகால் மேல் விழும் சுமை கொஞ்சம் குறையும், அவ்வளவே.

இதைவிட அவசரமான எச்சரிக்கை வேறு. மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் மீள்நிரப்புக் கிணற்றின் வாய் வாசல் மட்டத்துக்குச் சமமாக இருந்தால், தெருவில் தேங்கும் சாக்கடை கலந்த தண்ணீர் அதற்குள் இறங்கிவிடும். அப்படி இறங்கியது எளிதில் வெளியேறாது. கிணற்றின் வாயை 2015-இல் உங்கள் தெருவில் நின்ற வெள்ள மட்டத்துக்கு மேலே உயர்த்திக் கட்டுங்கள். மாடியில் விழும் மழை மட்டும் நேரே உள்ளே போகட்டும். வாசலில் ஓடும் தண்ணீரை அதில் திருப்ப வேண்டாம்.

21 அக்டோபர் 2024

மின்வெட்டில் தகடு உதவியதா என்று கேட்டவருக்கு: மின்வாரியக் கம்பியோடு இணைந்த சாதாரண சோலார், கம்பியில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவருக்கு உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் பாயக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பேட்டரி வைத்த வகைக்கு விலை வேறு, பராமரிப்பும் வேறு. விற்பனைத் தாள்களில் இந்த வரியை நான் இன்னும் பெரிய எழுத்தில் பார்க்கவில்லை.

9 டிசம்பர் 2024

குரோம்பேட்டை நண்பர் விசிறிகளை மாற்றி, மாடிக்கு வெள்ளை அடித்து, சோலாரைத் தள்ளி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறார். மீள்நிரப்புக் கிணற்றை எப்போது தூர் வாருவது என்பது அவருடைய புதிய கேள்வி. தண்ணீர் இறங்கி அடி தெரியும் கோடையில், வைகாசிக்குள் செய்து முடியுங்கள். வடிகட்டித் தொட்டியின் மணலையும் அப்போதே எடுத்துக் கழுவிப் போடுங்கள் அல்லது புது மணல் நிரப்புங்கள். மூடி வைத்திருந்த உறைக்குள் யாரையும் இறக்காதீர்கள். மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றாட விட்டாலும், அடியில் நிற்கும் வாயுவைக் கண்ணால் காண முடியாது. மேலிருந்தபடியே சேறு இறைக்கும் பம்பு வாடகைக்குக் கிடைக்கிறது. கூலியாளுக்குக் கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள்.